நடு ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது

“அக்கா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பழகணும்?”

மூணாறு ரிசார்ட்டுகளில் சாயங்கால நேரம் கிட்டார் வாசிக்கும் தம்பி தங்கைகள் என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி இது. கேள்வியே கோணல். எத்தனை மணி நேரம் அடுப்பில் இருந்தது என்று விசாரித்துவிட்டு யாரும் குழம்பு ஊற்றிக்கொள்வதில்லை. நானும் ஒரு காலத்தில் மணிக்கணக்கை நம்பினவள்தான். அந்தக் கணக்கு ஒரு திருவிழாக் கூட்டத்தின் முன்னால் என்னை அம்போவென்று நிற்க வைத்தது. அந்தக் கதையைச் சொல்கிறேன். கேட்டு முடித்த பிறகும் உங்களுக்கு மணி நேரம்தான் வேண்டுமென்றால் கடிகாரக் கடைக்குப் போங்கள்.

நான் பதினேழு வருடம் ஒரு கானமேளா குழுவில், அதாவது கோயில் திருவிழாக்களில் சினிமாப் பாட்டுக் கச்சேரி நடத்தும் குழுவில், லீட் கிட்டார் வாசித்தேன். விரல் மூட்டுகள் சண்டித்தனம் செய்ய ஆரம்பித்ததால் போன வருடம் மேடையை விட்டு இறங்கினேன். பகலில் தேயிலை ஃபேக்டரியில் தூள் தரம் பிரிக்கும் வேலை. உற்சவ காலங்களில் மேடை. கிட்டாரை முதன்முதலில் தொட்டபோதே எனக்கு முப்பது தாண்டிவிட்டது. எஸ்டேட் கிளப்பில் தூசி படிந்து கிடந்ததை எடுத்துத் துடைத்து, ஒரு பழைய புத்தகத்தைப் பார்த்து நானாகவே கற்றுக்கொண்டேன். எங்கள் எஸ்டேட் டிவிஷனில் இருந்து கிட்டாரோடு மேடை ஏறிய முதல் பொம்பளை நான்தான். இதைப் பெருமையாகவே சொல்கிறேன். அடக்கம் வேண்டுபவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஃபேக்டரியில் நடந்த ஓணக் கொண்டாட்டத்தில் நான் வாசித்ததைக் கேட்டுத்தான், மார்கழியில் ஆள் தேவைப்பட்டபோது மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். குழுவை நடத்துபவர் அவர். கீபோர்டும் அவரே வாசிப்பார். அவருடைய கிட்டாரிஸ்ட் கல்ஃபுக்குப் போய்விட்டிருந்தார்.

“மூணு மாசம் பார்ப்போம் செல்வி. சரிப்பட்டு வந்தா இடம் உனக்கு. இல்லாட்டி பொள்ளாச்சியில ஒருத்தர் இருக்கார், அவரைக் கூப்பிட்டுக்குவேன். அப்ப வருத்தப்படக் கூடாது” என்றார்.

அந்த இடம் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். பகல் முழுக்க சல்லடை சத்தத்திலும் தூசியிலும் நிற்பவளுக்கு, நாலு பேர் வாயை மூடிக்கொண்டு தன்னைக் கேட்கிற ஏழு நொடி கிடைக்கிறது என்றால் சும்மாவா?

ஏழு நொடி என்றது இதுதான். குழுவின் நிகழ்ச்சியில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பழைய பாட்டு உண்டு. பேர் வேண்டாம். அதில் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வரும் இடையிசையில், கீபோர்டு ஒதுங்கி, தாளம் மட்டும் கூட வர, கிட்டார் தனியாக மேலே ஏறி இறங்கும். அந்தப் பாட்டுக்காகவே எங்களைக் கூப்பிடுகிற ஊர்கள் இருந்தன.

நான் பழகினேன். தினமும் ஷிஃப்ட் முடிந்து வந்து, அஞ்சு மணியிலிருந்து ஏழு மணி வரை, ஒரு நாள் தவறாமல். எப்படிப் பழகினேன் என்பதுதான் விஷயம். பாட்டை முதலிலிருந்து ஆரம்பிப்பேன். எங்கேயாவது பிசகினால் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து. மறுபடி பிசகு, மறுபடி முதல். வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் கொழுந்து பறிக்கப் போகிற பேச்சியக்கா. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஒரு நாள் சுவரைத் தட்டிக் கேட்டாள்.

“ஏட்டி செல்வி, அந்தப் பாட்டுக்கு ஆரம்பம் மட்டுந்தான் உண்டுமா? முடிவே கெடையாதா?”

எனக்குக் கோபம் வந்தது. “ஒனக்கு என்னக்கா தெரியும் சங்கீதம்?” என்று கேட்டேன். அவள் சொன்னது எவ்வளவு சரி என்று, பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்கு அடுத்த ஊரில் வாசிக்கப் போனபோதுதான் தெரிந்தது. இரண்டு மாதத்தில் பாட்டின் ஆரம்பத்தை ஆயிரம் தடவை வாசித்திருப்பேன். கடைசிப் பாதியை ஐம்பது தடவைகூட வாசித்திருக்க மாட்டேன். ஆரம்பம் பளபளவென்று இருந்தது. அதைக் கேட்டு நானே மயங்கி, பாட்டு முழுக்க என் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

அந்த ஊரில் அது மாசி மாதத் திருவிழா. மூணாறிலிருந்து மறையூர், சின்னாறு வழியாக இறங்கி, உடுமலை, பொள்ளாச்சி என்று தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டு மறுபடி கேரளாவுக்குள் போனோம். ஒன்று சொல்லிவிடுகிறேன், மலைக்காரர்கள் எல்லாரும் செய்கிற தப்பு: குளிரில் சுருதி சேர்த்துவிட்டு அதே கிட்டாரோடு பாலக்காட்டு வெயிலில் மேடை ஏறிவிடாதீர்கள். கம்பி தளர்ந்து எல்லாச் சுரமும் கீழே போயிருக்கும். இறங்கிய இடத்தில் கிட்டாரை ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிட்டு அப்புறம் சுருதி சேருங்கள். அன்றைக்கு அதையெல்லாம் நான் ஒழுங்காகத்தான் செய்திருந்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் நிகழ்ச்சி தொடங்கியது. மூன்றாவது பாட்டாக அந்தப் பாட்டு. ஆரம்பம் அமர்க்களம். முதல் சரணம் நன்றாகப் போனது. இரண்டாவது இடையிசை தொடங்கி, என் இடம் வர நாலு தாளம் இருக்கும்போது ஜெனரேட்டர் நின்றுவிட்டது. விளக்கு, மைக் எல்லாம் போச்சு. கூட்டம் விசிலடித்தது. ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டார்கள். மாஸ்டர் மைக்கில், “விட்ட இடத்துல இருந்தே கேட்போம்” என்று சொல்லி என் பக்கம் திரும்பித் தலையசைத்தார்.

விரல் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நம்ப மாட்டீர்கள். அதே இடத்தை அன்று மத்தியானம்கூட வாசித்தேன். ஆனால் அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால்தான் என் கை அங்கே போகும். நேராக அங்கே போய் நிற்க அதற்குத் தெரியாது. தாளம் எட்டுத் தட்டு போயிற்று. பதினாறு போயிற்று. பாடகர் என்னைப் பார்க்கிறார், நான் கிட்டாரைப் பார்க்கிறேன். கடைசியில் மாஸ்டரே அந்த இடத்தைக் கீபோர்டில் வாசித்து ஒப்பேற்றினார். முன்வரிசையில் இருந்த திருவிழாக் கமிட்டித் தலைவர், தென்னந்தோப்புக்காரர், எனக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

“ஏனுங்க மாஸ்டர், அந்தம்மாளுக்குப் பாட்டு மறந்து போச்சுங்களா?”

மறுநாள் காலையில் உடுமலையில் டீ குடிக்க நிறுத்தினோம். மாஸ்டர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டம்.

“சித்திரையில இதே கமிட்டி இன்னொரு கோயிலுக்கு நம்மளக் கூப்பிட்டிருக்காங்க. கிட்டாருக்கு மட்டும் வேற ஆளைக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க. ஆறு வாரம் இருக்கு. நான் உன்னையே கூட்டிட்டுப் போறேன். அங்கயும் இப்படி ஆச்சுன்னா, அந்தப் பொள்ளாச்சிக்காரர்தான்.”

“சரிங்க மாஸ்டர்” என்றேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஜீப்பில் போய் ஏறிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து நான் செய்த முதல் காரியம், இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிப் பழகியது. முட்டாள்தனம். அதே முதலிலிருந்துதான். தப்பான வழியில் இன்னும் கொஞ்சம் வேகமாக நடந்தேன், அவ்வளவுதான்.

என்னைத் திருப்பிவிட்டவருக்கு சங்கீதம் மருந்துக்கும் தெரியாது. எங்கள் குழுவை ஏற்றிச் செல்லும் ஜீப் டிரைவர் அவர், என் வயசுதான். பேர் போடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். “எம்பேரப் போட்டா நாளைக்கு ஊர்ல உள்ளவுக எல்லாம் கிட்டார் கத்துக்க எங்கிட்ட வந்துருவாக” என்கிறார்.

எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸம்மாவுக்கு அந்தச் சமயத்தில் அவர் ஜீப் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஃபேக்டரிக்கு மேலே ஒரு செங்குத்தான மண் ரோடு உண்டு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்து பார்த்தால், ஜீப் பாதி ஏற்றத்தில் நிற்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டு மறுபடி எடுக்கிறார்கள். ஒரு அடி பின்னால் உருண்டு, உறுமி, நாலு அடி மேலே ஏறுகிறது. மறுபடி நிறுத்தி அணைக்கிறார்கள். அரை மணி நேரமும் இதே கூத்து. ஜீப் உச்சிக்குப் போகவும் இல்லை, அடிவாரத்துக்கு இறங்கவும் இல்லை.

சாயங்காலம் அவரைப் பிடித்துக் கேட்டேன். “என்னண்ணே, பாவம் அந்தம்மாவ இந்தப் பாடு படுத்துறீக? கீழ இருந்து ஒரே மூச்சா ஓட்ட விட்டா பழகிர மாட்டாகளா?”

“கீழ இருந்து வேகம் பிடிச்சு வந்தா எவனும் ஏறிருவான் தங்கச்சி. அது வண்டி ஏறுறது, நம்ம ஏத்துறது இல்ல. நடு ஏத்தத்துல ஆனை வந்து நிக்கும். நிப்பாட்டித்தான் ஆகணும். அது போனப்புறம் அங்கன இருந்து எடுக்கத் தெரியலைன்னா என்ன செய்வாக? கீழ போயிட்டு வாரேன்னு சொல்லி ரிவர்ஸ்லயா இறங்க முடியும்?”

நான் திரும்பி அந்த ஏற்றத்தைப் பார்த்தேன். தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதாக நினைத்து அவர், “ஏன், நெசந்தானே?” என்று கேட்டார். நெசம்தான். என்னுடைய ஆயிரம் தடவையும் பாட்டு என்னை இழுத்துக்கொண்டு போனதே தவிர, நான் பாட்டைக் கொண்டுபோகவில்லை.

அன்று மாலை பழைய காலண்டர் தாளில், பாட்டில் கிட்டார் முன்னால் வருகிற இடங்களைப் பதினொரு துண்டாகப் பிரித்து எழுதினேன். ஒவ்வொரு துண்டும் நாலைந்து நொடி. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். முதல் விரல் எந்தக் கம்பியில், எந்தக் கட்டத்தில் என்று பக்கத்திலேயே குறித்தேன். கடைசித் துண்டில் ஆரம்பித்தேன். பதினொன்று சரியானதும் பத்தும் பதினொன்றும். பிறகு ஒன்பதிலிருந்து. இப்படிப் பழகினால் வாசிக்க வாசிக்க நன்றாகத் தெரிந்த இடத்துக்குப் போய்க்கொண்டிருப்பீர்கள், பயம் குறையும். முன்னாலிருந்து பழகினவர்களுக்குப் போகப் போகக் காடுதான்.

என் ஏழு நொடி வந்து முடிகிற இடம்தான் ஏழாம் துண்டு, கடினமான அதைப் பாதி வேகத்தில் வாசித்தேன். தொடர்ந்து ஐந்து தடவை பிசகாமல் வந்தால்தான் கொஞ்சம் வேகம் கூட்டுவது. நாலு தடவை சரியாக வந்து ஐந்தாவது பிசகினால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவேன். கிட்டாரைத் தூக்கிப் போட்டு உடைக்கலாமா என்று வரும். உடைக்கவில்லை. விரல் விறைத்தால் பால் ஊற்றாத சூடான கட்டன் சாயா டம்ளரைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்வேன். குளிர்ந்த விரலோடு பழகினால் கை இறுகிப்போகும், அந்த இறுக்கத்தையும் சேர்த்தே கை கற்றுக்கொள்ளும்.

அப்புறம் பேச்சியக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்காமலே உதவி கேட்டேன். “அக்கா, நீ உன் வேலையப் பாரு. தோணுறப்ப எல்லாம் ஒண்ணுல இருந்து பதினொண்ணு வரைக்கும் ஏதாவது ஒரு நம்பரக் கத்து. அவ்வளவுதான்.”

“இது என்ன லாட்டரியா?” என்று கேட்டாலும் அவள் அதில் ருசி கண்டுவிட்டாள். வெங்காயம் உரித்துக்கொண்டே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து “நாலு!” என்பாள். நான் அடுத்த மூச்சில் நாலைத் தொடங்க வேண்டும். பாதி வாசிக்கும்போதே “ஒம்பது!” என்பாள். சில நாள் நன்றாக வாசித்துக்கொண்டிருக்கும்போது பத்து நிமிடம் பேசாமலே இருந்துவிட்டு, நான் மறந்துபோன நேரம் பார்த்து “ஏழு!” என்று அலறுவாள். மூன்றாவது வாரத்தில் அவள் வாயை மூடுவதற்குள் என் விரல் அங்கே போய் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சிரித்தது எனக்குக் கேட்டது.

நாலாவது வாரம் என் வீட்டுக்காரர் தன் செல்போனில் நான் வாசித்ததைப் பதிவு செய்து போட்டுக் காட்டினார். கேட்டு எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. சுலபமான இடத்தில் எல்லாம் ஓடியிருக்கிறேன், கஷ்டமான இடத்தில் நொண்டியிருக்கிறேன். வாசிக்கும்போது எனக்கு அது தெரியவே இல்லை. வாசிக்கிறவளின் காது அவளுக்குச் சாதகமாகத்தான் கேட்கும். உங்கள் கையில் அன்றைக்கு இருந்ததைவிட நல்ல போன் இருக்கிறது. படம் பிடித்து ஊருக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு நீங்களே கேளுங்கள். மானம் போகும். போகட்டும், வீட்டுக்குள் போவது நல்லது.

அந்த ஜீப்பைப் பார்த்த நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நான் பழகவில்லை. முன்பு பழகியதில் பாதி. கவனம் சிதறியதும் கிட்டாரைச் சுவரில் மாட்டிவிட்டுச் சோறு பொங்கப் போய்விடுவேன்.

சித்திரை வந்தது. கமிட்டித் தலைவர் அதே முன்வரிசையில், கால்மேல் கால் போட்டு. போன தடவை சேலை கட்டியிருந்தேன். இந்த முறை சுடிதார் போட்டு, முடியை இழுத்துக் கட்டி, படிப்பதற்கு வாங்கிய கண்ணாடியையும் மாட்டிக்கொண்டேன். வேஷம் போடவில்லை, கம்பி சரியாகத் தெரிய வேண்டுமே என்றுதான். பயம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது வரும். நம் வேலை அதற்குப் பக்கத்தில் இடம் போட்டு உட்காருவது.

அந்தப் பாட்டு தொடங்கியது. ஜெனரேட்டர் நிற்கவில்லை. என் ஏழு நொடி வந்தது. வாசித்தேன். எப்படி வாசித்தேன் என்று கேட்டால், நன்றாக வாசித்தேன். கை தட்டினார்கள். மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். தப்பித்தோம் என்று நினைத்தேன். வினை அப்புறம்தான் வந்தது.

இரண்டாவது சரணத்தின் இரண்டாவது வரியில் பாடகருக்குத் தொண்டை அடைத்துவிட்டது. புழுதியும் வெயிலும் சேர்ந்து அவரைக் காலையிலிருந்தே படுத்தியிருந்தன. சத்தம் வரவில்லை. மைக்கை விலக்கிக்கொண்டு, கையை மட்டும் ஆட்டினார். மாஸ்டர் கீபோர்டில் கையை வைத்தபடி உறைந்துவிட்டார். தாளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

எனக்கு இருந்தது இரண்டு தட்டு நேரம். பாட்டை நிறுத்தினால் மாசியில் நடந்த அவமானம் மறுபடியும் நடக்கும். சரணத்து மெட்டையே கிட்டாரில் வாசித்தால், பாடகர் கைவிட்டுவிட்டார் என்று கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். ஆனால் இடையிசை வந்தால் அது பாட்டோடு சேர்ந்தது என்று நினைப்பார்கள். இடையிசையின் தொடக்கம் ஒட்டாது. அது பல்லவியிலிருந்து ஏறுவது. ஏழாம் துண்டு ஒட்டும். அது வந்து முடிகிற சுரத்தில்தான் சரணம் தொடங்குகிறது.

இவ்வளவும் யோசித்தேன் என்று இன்றைக்கு விளக்கமாகச் சொல்கிறேன். அன்றைக்கு விரல் போய்விட்டது. முன்னால் எதுவும் இல்லாமல், நடு வரியிலிருந்து, நேராக ஏழுக்கு. தாளக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்துப் பிடித்துக்கொண்டார். ஒரு சுற்று வாசித்தேன். பாடகர் தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தார். இரண்டாவது சுற்றைக் கொஞ்சம் அலங்காரம் சேர்த்து வாசித்தேன். மாஸ்டர் அதற்குள் சுதாரித்துக்கொண்டு அடியில் கீபோர்டை நிரப்பினார். பாடகர் குடித்து, தொண்டையைச் செருமி, எனக்குக் கட்டைவிரலைக் காட்டினார். கடைசிச் சுரத்தை நீட்டிப் பிடித்து அவரிடம் கொடுத்தேன். அந்தச் சரணத்தை முதலிலிருந்து எடுத்தார். குரல் திறந்துவிட்டது. கூட்டம் அதை ஏதோ விசேஷ ஏற்பாடு என்று நினைத்து எழுந்து நின்று கை தட்டியது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடி போட்டது நல்லதாய்ப் போயிற்று. பதினேழு வருடத்தில் அதற்கப்புறம் எத்தனையோ மேடை, எத்தனையோ கை தட்டல். அந்தப் பத்துப் பதினைந்து நொடி போல எதுவும் இல்லை. நான் சம்பாதித்தது அது. யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை.

நிகழ்ச்சி முடிந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். கமிட்டித் தலைவர் மேடைக்கு ஏறி வந்து மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ரொம்ப சந்தோசமுங்க மாஸ்டர். நாங்க சொன்னதைக் கேட்டு ஆளை மாத்திப் போட்டீங்க. இந்தம்மா வாசிப்பே வேறங்க. பொள்ளாச்சிங்களா இவங்க?”

மாஸ்டர் என்னைப் பார்த்தார். அவர் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், “அவங்களையே கேளுங்க” என்று ஒயரைச் சுருட்டப் போய்விட்டார்.

நான் கண்ணாடியைக் கழற்றினேன்.

“மாசித் திருவிழாவுல உங்க முன்னாடி மறந்துபோய் நின்னேனே, நான்தாங்க அது. ஆறு வாரம் உருப்படியாப் பழகிட்டு வந்திருக்கேன்.”

மனிதர் குனிந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மேடையின் அந்தக் கோடியில் நின்ற மாஸ்டரைப் பார்த்து, கீழே கலைந்துகொண்டிருந்த கூட்டத்துக்கும் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார்.

“ஏனுங்க மாஸ்டர்! இனி இந்தம்மா இல்லாம எங்க ஊருக்கு வந்தீங்கன்னா, மேடையே போட மாட்டமுங்க!”

“அவங்க இடம் அவங்களுதுதாங்க” என்றார் மாஸ்டர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.